சாக்கடைத் தும்பி

பிப்ரவரி 4

தம்பிக்கு,

உன் பொட்டலம் வந்தது. பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. தபால் அறையிலிருந்து என் மேசைக்கு அது வந்த வழியெல்லாம் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? பிடித்த தும்பியைக் காகித உறையில் ஒரு நாள் பட்டினி போடு, வயிற்றில் இருப்பதை அது வெளியேற்றட்டும், பிறகு அசிட்டோனில் முக்கி எடுத்து நிழலில் காயவை. நீ என்ன செய்தாய்? கொசுவை வயிறு முட்டத் தின்ற தும்பிகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, மூடிக்கு டேப் வேறு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். உள்ளே கறுப்பாக ஒரு கூழ் இருந்தது. கொண்டுபோன பகல் சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போனேன்.

கூழுக்குள் ஒரு ஆண் தும்பியின் வால்நுனி மட்டும் தப்பியிருந்தது. உன் நல்ல நேரம். ஆண் தும்பிக்கு வால்நுனிக் கொக்கிதான் முகவரி. அந்தக் கொக்கியால்தான் பெண்ணைக் கவ்விப் பிடிக்கும். இனத்துக்கு இனம் அதன் வடிவம் வேறு. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். கொக்கிகள் இரண்டும் உள்ளே வளைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பல். அலமாரி அலமாரியாகக் குடைந்ததில் இதே பல்லோடு எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு தும்பி கிடைத்தது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மகானுபாவர் பிடித்தது. அதன் அடியில் குத்தியிருக்கும் சீட்டில் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ‘காடு.’ காட்டில் எங்கே ஐயா? ஓடையிலா, குட்டையிலா, மரப்பொந்திலா? சீட்டு என்றால் மூன்று செய்தி வேண்டும்: எங்கே, என்றைக்கு, அதன் இடத்திலிருந்து அதை எடுத்தவர் யார். அந்த மனிதர் தன் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு, மிச்சத்தை நம் தலையில் கட்டிவிட்டார்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன். குவாரிக்காரர்கள் உன் முகாமுக்குப் பக்கத்துக் காட்டு ஓடையை மறித்துக் கல் கழுவக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அவர்களுக்காக ஆய்வறிக்கை எழுதுவது உன் அண்ணனின் நிறுவனம், நீ வேலை பார்க்கும் முகாமும் அதனுடையதுதான். இந்தத் தும்பி அந்த நிழல் ஓடையில் மட்டும்தான் வளரும் என்றால் வனக்குழு ஓடையைத் தொட விடாது. எங்கும் வளரும் என்றால் ஓடை போயிற்று. மார்ச் கடைசியில் குழு கூடுகிறது. அதற்குள் இதன் லார்வா எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று நீ கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் அண்ணனிடம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார் என்று நினைத்தேன். அதிசயம், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உன் பூச்சிப் பெட்டியில என் பேரு என்னிக்காவது ஏறுமா?” என்று கேட்டார். “நீங்க ஒண்ணப் புடிச்சுக் குடுங்க, ஏறும்,” என்றேன். இத்தனை வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் சந்தோஷமும்தான்.

அண்ணி


பிப்ரவரி 12

அண்ணிக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. இங்கே டவர் இல்லாததில் ஒரு லாபம், உங்கள் திட்டு ஜீப்பில் ஆறிப்போய்த்தான் வருகிறது.

பட்டினி போடச் சொல்கிறீர்கள். முகாமில் பட்டினி கிடப்பது நான்தான். சமையல்காரருக்கு நாங்கள் கடுகு என்று பேர் வைத்திருக்கிறோம், தொட்டால் வெடிப்பார். அவர் சமைப்பதைவிடக் கொட்டுவது அதிகம். சமையலறைக்குப் பின்னால் ஒரு சாக்கடைக் குழி. பாத்திரம் கழுவிய தண்ணீர், அழுகின காய்கறி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் அதில்தான். மேலே ஒரு சாம்பல் நிற ஆடை கட்டி, நடுநடுவே கொப்புளம் விட்டு உடையும். என் கூடாரத்தின் ஜன்னல் சரியாக அதைப் பார்த்து இருக்கிறது. அங்கே வாயைத் திறந்து கொட்டாவி விடக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

இனி நல்ல செய்தி. லார்வாவைக் கண்டுபிடித்துவிட்டேன்.

ஓடை பாறையிடுக்கில் குனிந்து நுழைகிற இடத்தில், பெரிய வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கின்றன. பகலிலும் இருட்டு. வேர்களுக்கு இடையில் இலைகள் விழுந்து மக்கி, அடியில் மினுமினுக்கும் மணல். அந்த இலைக் குப்பைக்குள் கையை விட்டால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று குடும்பமே இருக்கிறது. உடம்பெல்லாம் முடி, முடியெல்லாம் அழுக்கு. அசையாமல் கிடந்தால் அதுவும் ஒரு மக்கின இலைதான். சிலவற்றின் முதுகில் இறக்கை மொட்டு உப்பிவிட்டது. இந்த மாதமே வெளியே வந்துவிடும். அட்டைகள் வேறு. காலுறையைக் கழற்றிப் பிழிந்தால் என் ரத்தமே சொட்டுகிறது. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அண்ணன் இங்கே வந்தார்! வந்து உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டிவிட்டுப் போவார் என்று நினைத்தேன். “வா, அந்த எடத்தக் காட்டு,” என்று என்னோடு ஓடைவரை நடந்தார். ஷூவைக் கழற்றித் தண்ணீரில் இறங்கினார், அண்ணி. எது பெரியது, எது சின்னது, மொட்டு எப்படி இருந்தால் எப்போது வெளியே வரும் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். என்னைப் படிக்க வைத்ததோடு சரி, நான் என்ன படித்தேன் என்று அவர் கேட்டதே இல்லையே.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

கடிதத்தோடு நீ அனுப்பிய லார்வாப் படம் நன்றாக இருக்கிறது. எல்லா வயதிலும் லார்வா இருக்கிறது என்று எழுதினாயே, அதுதான் எனக்கு வேண்டிய வரி. ஓடைதான் வீடு என்று பாதி முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஒன்றாவது வெளியே வந்து, தோலைக் கழற்றிவிட்டுத் தும்பியாகப் பறப்பதை நீ பார்க்க வேண்டும். அந்தத் தோலும் அந்தத் தும்பியும் சேர்ந்து என் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் இந்த லார்வா இந்தத் தும்பியின் பிள்ளை இல்லை என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது.

உன் அண்ணன் மாறித்தான் போய்விட்டார். முகாமிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அது வெளிய வர்றதுக்கு முன்னாடி சாப்பிடுமா?” என்றார். சாப்பிடாது, கடைசி நாட்களில் வாயே மூடிக்கொள்ளும் என்றேன். “அப்ப மூச்சு?” தண்ணீருக்குள் மூச்சு விடுவதையும் குறைத்துக்கொண்டு, விளிம்புக்கு வந்து தலையை வெளியே நீட்டி வெளிக்காற்றைக் குடிக்கும் என்றேன். “அப்ப தண்ணி மோசமா இருந்தாலும் ஒண்ணும் ஆகாது?” ஒன்றிரண்டு நாள் தாங்கும், பிஞ்சுகள்தான் செத்துப்போகும் என்றேன். கையில் கிடைத்த மின்கட்டணச் சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் நான் எழுதிய கடிதங்களைக்கூட அப்படி வைத்துக்கொண்டதில்லை.

அடுத்த வாரம் மறுபடி முகாமுக்குக் கிளம்புகிறார். உனக்கு நல்ல காய்கறி வாங்கிக்கொண்டு போகிறாராம். இதற்கிடையில் குளியலறை வெள்ளை வாளியை எங்கே தொலைத்தார் என்று தெரியவில்லை. பிடி உடைந்து, நான் மஞ்சள் ஒயரைச் சுற்றிக் கட்டினேனே, அதுதான். “கார் கழுவ எடுத்தேன், எங்கேயோ விட்டுட்டேன்,” என்கிறார். ஒரு வாளியைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாத மனிதர் ஒரு நிறுவனம் நடத்துகிறார்.

அண்ணி


பிப்ரவரி 27

அண்ணிக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் பல் துலக்க வெளியே வந்தேன். சாக்கடைக் குழியின் சிமெண்டு விளிம்பில் ஏதோ அசைந்தது. கரப்பான் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். நல்ல வேளை, குனிந்து பார்த்தேன். முதுகு பிளந்து, உள்ளிருந்து வெளிறிய ஒரு தும்பி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அந்த நாற்றத்துக்கு நடுவில், அழுகின முட்டைக்கோஸ் இலைமேல் ஏறி உட்கார்ந்து ஒன்று இறக்கையை விரித்தது, அண்ணி. நனைந்த காகிதம்போல ஒட்டியிருந்தது மெல்ல மெல்ல விறைத்துக் கண்ணாடியாகிவிட்டது. பார்க்கப் பார்க்க அழகு, மூச்சு விட முடியாத நாற்றம். வாயில் பல்பொடி நுரையோடு நின்றுகொண்டே இருந்தேன்.

கொக்கியைப் பார்த்தேன். உள்ளே வளைந்த இரண்டு, ஒவ்வொன்றிலும் பல். நம் தும்பிதான். சந்தேகமே இல்லை.

நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் இது: மனசுக்குப் பிடித்ததை எழுதாதே, பார்த்ததை எழுது. பார்த்தது இது. அந்த ஓடையிலும் வளர்கிறது, இந்தச் சாக்கடையிலும் வளர்கிறது. எனக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. அந்த வேர்களும் இருட்டும் போய்விடுமே. ஆனால் கண் பார்த்ததை எப்படி மறைப்பது?

அண்ணன் காய்கறி கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். நான் அப்போது காட்டின் மறுபக்கம் போயிருந்தேன், பார்க்க முடியவில்லை. ஜீப் ஓட்டுநர் மூலம் அவருக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பிவிட்டேன். தும்பியையும் அதன் தோலையும் இத்தோடு வைத்திருக்கிறேன். இந்த முறை பட்டினி போட்டுத்தான்.

தம்பி


மார்ச் 4

ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. உங்கள் அண்ணன் சாப்பாட்டு மேசையில் அறிக்கையைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ‘மனிதக் கழிவு நீரிலும் இயல்பாக வளரும் இனம்.’ வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வாயில் சோறு இருந்தது.

காட்டின் மிகச் சுத்தமான தண்ணீரில் வளர்கிற ஒரு பூச்சி, உங்கள் சமையல்காரர் கொட்டுகிற எச்சில் குழியில் கூட்டமாக வெளியே வருகிறதாம். அதுவும் குழு கூடப்போகிற நேரத்தில், அறிக்கைக்குத் தேவையான நாளில். காதில் பூச் சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டும். ஓடையில் பிடித்ததைக் கொண்டுபோய்ச் சாக்கடை என்று எழுதினால் அண்ணன் குளிர்ந்து போவார், நிரந்தர வேலை தருவார் என்று கணக்குப் போட்டீர்களா? உங்களுக்கு மைக்ரோஸ்கோப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். அந்தக் கையை இன்று சோப்புப் போட்டுக் கழுவத் தோன்றுகிறது.

உங்கள் சீட்டில் ‘சேகரித்த இடம்: முகாம் சாக்கடை’ என்று இருக்கிறது. அந்த வரியை வாசிக்கும்போதே எனக்குக் குமட்டுகிறது, நாற்றத்தால் அல்ல.

பூச்சிப் பிரிவு


மார்ச் 9

அண்ணிக்கு,

‘ஐயா அவர்கள்.’ ‘நீங்கள்.’ அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம். நீங்கள் கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து என்னை நீ என்றுதான் கூப்பிட்டீர்கள். அம்மா போன பிறகு எனக்கு அந்த ‘நீ’ போதுமாக இருந்தது.

நான் பொய் சொல்லவில்லை. கடவுள் சத்தியம் என்று எழுதினால் சிரிப்பீர்கள், ஆகவே வேறு விதமாகச் சொல்கிறேன். அந்தக் குழியின் விளிம்பில் ஒட்டியிருந்த தோல்களை எல்லாம் பொறுக்கி அனுப்புகிறேன். கையுறை இல்லாமல் பொறுக்கினேன். அந்த ஆடை என் மணிக்கட்டுவரை ஏறியது. அதற்குள் நெளிந்தது என்னவென்று எழுதினால் இந்தக் கடிதத்தையும் நீங்கள் கீழே போட்டுவிடுவீர்கள். குளித்துக் குளித்துத் தோல் உரிந்துவிட்டது, இன்னும் சாப்பாட்டுக் கையை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. பொய் சொல்கிறவன் இவ்வளவு பாடு படுவானா? கூடாரத்தில் படுத்துக்கொண்டே பொய்யை எழுதிவிட மாட்டானா?

அண்ணன் எனக்கு வேலை தருவார் என்பதற்காகத்தான் என்றால், ஆமாம், அவர் சோற்றில்தான் வளர்ந்தேன். அதனால் அவருக்காக உங்களிடம் பொய் சொல்வேன் என்று உங்களால் நினைக்க முடிந்ததே, அதுதான் எனக்கு அருவருப்பு. நேரில் பார்த்தவன் என்று குழுவுக்கு ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடத்தான் போகிறேன். பார்த்தேனே!

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

உன் தோல்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் நீவிப் பார்த்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான். கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதம் கிடைக்கும்வரை போட்டிருக்க மாட்டாய் என்று வேண்டிக்கொள்கிறேன்.

எண்ணெய்ப் பிசுக்கு மேலே இருக்கிறது. அதைத் துடைத்தால் அடியில், முடிகளின் வேரில், மக்கின இலைத் துணுக்கும் மினுமினுக்கும் மணலும் இருக்கிறது. அழுக்கிலும் முந்தியது பிந்தியது உண்டு. முந்தின அழுக்கு ஓடையில் சேர்ந்தது. சாக்கடை அதன்மேல் பூசியது, அதுவும் மெல்லிசாக.

இன்னொன்று. எல்லாத் தோலும் கடைசி வயதுத் தோல். ஒன்றுகூடச் சின்னது இல்லை. ஓடையில் நீ பார்த்தது குடும்பம் என்று எழுதினாயே, சின்னது, நடுத்தரம், பெரியது என்று. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும். எல்லாரும் ஒரே வயதில், ஒரே நாளில் நிற்கிறார்கள் என்றால் அது வீடு இல்லை, பேருந்து நிலையம். யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

நீ பார்த்தது பொய் இல்லை. உனக்குக் காட்டினதுதான் பொய். கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள். அதை விசாரிக்காமல் உன்மேல் பாய்ந்தது நான்தான். போன கடிதத்தைக் கிழித்துப் போடு. முடிந்தால் அந்தக் குழியிலேயே போடு, அதற்கு ஏற்ற இடம் அதுதான்.

இனி உனக்கு ஒரு அசிங்கமான வேலை. குழியைச் சல்லடை போட்டு அலசு. பிஞ்சு லார்வா ஒன்றே ஒன்று உயிரோடு கிடைத்தாலும் நான் சொன்னது தப்பு, நீ தாராளமாகக் கையெழுத்துப் போடு. கிடைக்காவிட்டால் சுற்றுமுற்றும் பார். எதில் கொண்டுவந்தார்கள் என்று பார். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அதை எழுதக் கை வரவில்லை. எழுதினால் இந்த வீட்டில் இன்று சாப்பிட முடியாது.

அண்ணி


மார்ச் 18

அண்ணிக்கு,

கையெழுத்துப் போடவில்லை. பேனா எழுதவில்லை என்று முகாம் மேற்பார்வையாளரிடம் சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடுகின் மாவு சல்லடையைக் கேட்டேன். “எதுக்கு?” என்றார். சொன்னேன். அவர் வெடித்ததை எழுத இந்தத் தாள் போதாது. கடைசியில் அவர் திரும்பின நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அடிவரை அலசினேன். புழு இருந்தது, நூல் நூலாக, கைவிரல் இடுக்கில் சுற்றிக்கொண்டு. கோழியின் குடல் இருந்தது. யாருடைய பல்லோ ஒன்று இருந்தது. தும்பியின் பிஞ்சு ஒன்றுகூட இல்லை. ஓடைக்குப் போய் ஒரு கைப்பிடி பிஞ்சுகளை எடுத்து வந்து அந்தத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது எல்லாம் வெளுத்து மிதந்தன. அவற்றைக் கொன்றது நான். அதை நினைத்தாலும் என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

பிறகு சுற்றிப் பார்த்தேன். விறகுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வாளி. அடியில் மக்கின இலையும் மணலும் காய்ந்து கிடந்தது. ஓரத்தில் ஒரு லார்வா ஒட்டிக் காய்ந்திருந்தது, இறக்கை மொட்டு உப்பியபடி. அதைப் பெயர்த்து இத்தோடு வைத்திருக்கிறேன். வாளியின் பிடியில் மஞ்சள் ஒயர். உங்கள் முடிச்சு, அண்ணி. நீங்கள் எதைக் கட்டினாலும் இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே நுழைப்பீர்களே, அதே முடிச்சு.

கடுகிடம் கேட்டேன். “உங்க அண்ணன்தான் கொண்டாந்தாரு. காய்கறிய எறக்கிட்டு ஓடைப்பக்கம் போனாரு, வாளியோட வந்தாரு. ‘மீன் குஞ்சு, கொசுவத் திங்கும்’னு குழியில ஊத்தினாரு. எனக்கென்ன தெரியும்?” என்றார். அவர் சல்லடையைப் பற்றித்தான் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.

நான் காட்டிக்கொடுத்த இடம், அண்ணி. தண்ணீரில் இறங்கினாரே என்று நெகிழ்ந்து, பெரியது எது என்று நானே எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். இப்போது அந்த நெகிழ்ச்சியைத்தான் வாந்தி எடுக்க வேண்டும்போல இருக்கிறது.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். சாக்கடையில் வளரவில்லை என்று மட்டும் குழுவுக்கு எழுதுங்கள். எப்படி அங்கே வந்தது என்பதை விட்டுவிடுங்கள். சீட்டில் சேகரித்தவர் என்று என் பேரே இருக்கட்டும். ஏதோ நான் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று முடித்துவிடலாம். முட்டாள் என்று பேர் வந்தால் எனக்கு வரட்டும். வளர்த்த கை, அண்ணி. ஊர் சிரிக்க விடுவதற்கு மனசு வரவில்லை.

தம்பி


மார்ச் 23

தம்பிக்கு,

இதை அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் துணிப்பெட்டியும் இங்கேதான், பாச்சா உருண்டை வாசனையில் இருக்கிறது. வீட்டைவிட இந்த வாசனை மேல்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்து நின்றேன். கத்தியிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன். இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டு, “ஆமா, கொண்டுபோய் விட்டேன். செத்துச்சா? றெக்க மொளச்சு பறந்துச்சுல்ல? அப்ப சாக்கடையில பொழைக்கும்னுதானே அர்த்தம்? நீதானே சொன்னே, தாங்கும்னு,” என்றார். சொல்லிவிட்டு விரலைச் சூப்பினார்.

நீதானே சொன்னே. அதுதான் தம்பி, அந்த இரண்டு சொல்தான். நாற்காலியை இழுத்துப் போட்டது, பக்கத்தில் உட்கார்ந்தது, நான் போட்ட படத்தை மடித்துப் பையில் வைத்தது, எல்லாம் அந்த வாளிக்காக. நான் என்னவோ என் மனிதர் இத்தனை வருஷம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டார் என்று, மறுநாள் தலைக்குப் பூ வாங்கினேன். அந்தப் பூவை நினைத்தால் உன் குழியில் கைவிட்டதுபோல இருக்கிறது. உனக்காவது கையில் மட்டும்தான் ஒட்டியது.

“பூச்சிக்குப் போயி இவ்ளோ ஆட்டமா?” என்று கேட்டார். பூச்சிக்காக இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அவரோடு பேச வேண்டியது இனி ஒன்றும் இல்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ கேட்டது உன் நல்ல மனசு. ஆனால் முடியாது. நீ தவறாகப் பார்த்தாய் என்று எழுதினால், அடுத்த ஆய்வில் உன் கண்ணை யார் நம்புவார்கள்? இந்த ஓடையைப் பற்றி நீ எழுதின மற்ற வரிகளையும் குவாரிக்காரர்கள் அதே குழியில் தள்ளிவிடுவார்கள். அதைவிட முக்கியம், சீட்டில் பொய் எழுத எனக்குத் தெரியாது. ‘காடு’ என்று எழுதி வைத்த அந்தச் சோம்பேறியை இத்தனை நாள் திட்டினேனே, அவர்கூடப் பொய் எழுதவில்லை.

வளர்த்த கை என்கிறாய். அந்தக் கைதான் வேருக்கு அடியில் கிடந்ததை அள்ளியது. உயிரை அதன் இடத்திலிருந்து எடுத்தவர் யாரோ, அவர்தான் சேகரித்தவர். பிறகு எந்தக் குழியில் யார் கண்டெடுத்தாலும் அது மாறாது. உனக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் விதி அது.

ஆகவே நீ ஒட்டிய சீட்டை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தும்பியும் தோலும் வாளியில் காய்ந்த லார்வாவும் ஒரே பெட்டியில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. குழுவுக்குப் பெட்டியையே அனுப்புகிறேன். எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டு, “இந்தப் பேரு...” என்று இழுத்தார். “என் வீட்டுக்காரர்தான்,” என்றேன். முத்திரை குத்திவிட்டார். நீ நாளைக்கே முகாமை விட்டு இறங்கி வா. வரும்போது வாளியைக் கொண்டு வா, அது என்னுடையது.

சீட்டின் நகல் கீழே இருக்கிறது. பெயர் இருக்கிற இடத்தைக் கடிதத்தில் வெறுமையாக விட்டிருக்கிறேன். பெட்டியில் அவருடைய முழுப்பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, மங்காத மையில் இருக்கிறது. ஒருநாள் ஆசையாகக் கேட்டாரே, தன் பேர் என் பூச்சிப் பெட்டியில் ஏறுமா என்று.

‘வாழிடம்: நிழல் ஓடை, வேர்களுக்கு இடையில் மக்கிய இலைகளின் அடியில்.
பிப்ரவரி கடைசி வாரம்.
அங்கிருந்து வாளியில் எடுத்துச் சென்று சமையலறைக் கழிவுக் குழியில் ஊற்றப்பட்டது.
சேகரித்தவர்:’

அண்ணி